கேமராவோடு ஜப்பான்: நகரங்களையும் கோயில்களையும் படமெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஜப்பானில் ஒரு கோயிலின் படம் நன்றாக வருவது, பெரும்பாலும் நீங்கள் எத்தனை மணிக்கு அங்கே போய் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி காலை 6 மணிக்கு ஆளரவமற்ற மலைப்பாதை. 11 மணிக்கு அதே இடத்தில் கையைத் தூக்கக்கூட இடமிருக்காது. லென்ஸ், கேமரா மாடல் பற்றிய கேள்விகளெல்லாம் இதற்குப் பிறகுதான். எந்த மாதம் போவது, எந்த ஊரில் தங்குவது, எதைச் சுமப்பது, எங்கே கேமராவைப் பைக்குள் வைத்துவிடுவது, ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று, பயணத்தைத் திட்டமிடும் வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

டோக்கியோவிலும் கியோட்டோவிலும் செர்ரி பூப்பது மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரங்கள் வரை. கியோட்டோவில் மேப்பிள் இலைகள் சிவப்பது நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை. இரண்டும் அழகான காலங்கள்தான். ஆனால் அறை வாடகை ஏறிவிடும், பிரேமுக்குள் யாராவது ஒருவர் நின்றுகொண்டே இருப்பார்.

படம்தான் முக்கியம் என்றால் நான் பரிந்துரைப்பது டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை, புத்தாண்டு விடுமுறை நாட்களைத் தவிர்த்து. காற்று வறண்டு தெளிவாக இருக்கும், ஃபூஜி மலை தெரியும் வாய்ப்பு அதிகம், சூரியன் உச்சிக்கு ஏறாமல் சாய்ந்தே போவதால் நண்பகலிலும் நிழல்கள் அழகாக விழும். குளிருக்கு உடை இருந்தால் போதும்.

ஜூன் முதல் ஜூலை நடு வரை மழைக்காலம். பலர் ஒதுக்கும் இந்த மாதத்தில்தான் கோயில் தோட்டங்களின் பாசி பச்சைப்பசேலென்று இருக்கும். டோக்கியோவுக்கு அருகே உள்ள கமகுராவின் ஹாசே-தேரா, மெய்கெட்சு-இன் கோயில்களில் ஹைட்ரேஞ்சியா பூத்துக் குலுங்கும். ஆகஸ்ட் மாதத்தை மட்டும் தவிருங்கள். சென்னை வெயிலில் பழகியவர்களுக்கும் அந்தப் புழுக்கத்தில் நாள் முழுவதும் நடப்பது கடினம். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் ஜப்பானியர்களின் தொடர் விடுமுறை. அதுவும் வேண்டாம்.

மாதத்தோடு சேர்த்துச் சூரிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஆண்டு முழுவதும் விடிவதும் சாய்வதும் 6 மணியை ஒட்டியே நடப்பதால் இதை நாம் யோசிப்பதே இல்லை. கியோட்டோவில் ஜூன் மாதம் காலை 4.45க்கே சூரியன் வந்துவிடும். டிசம்பரில் காலை 7 மணி ஆகும், மாலை 4.45க்கெல்லாம் மறைந்துவிடும். குளிர்காலத்தில் மதியச் சாப்பாட்டை நிதானமாக முடித்துவிட்டுக் கிளம்பினால் அன்றைய நல்ல வெளிச்சத்தில் பாதி போயிருக்கும்.

படி 2: ஊர்களைக் குறைத்து, இரவுகளைக் கூட்டுங்கள்

டோக்கியோவில் இறங்கி, ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்பும்படி டிக்கெட் எடுங்கள். ஒரே ஊருக்குத் திரும்பி வரும் செலவும் ஒரு நாளும் மிச்சம். டோக்கியோவில் 4 இரவு, கியோட்டோவில் 5 இரவு, கோயா-சான் மலையில் 1, மியாஜிமா தீவில் 1 என்பது நல்ல கணக்கு. கியோட்டோவுக்கு 5 இரவு அதிகமாகத் தோன்றலாம். அங்கே உங்களுக்குத் தேவை விடியற்காலைகள். 5 இரவு தங்கினால்தான் 5 விடியல் கிடைக்கும், அதில் ஒன்றிரண்டு மழையில் போகும்.

விசா இந்தியர்களுக்கும் இலங்கையருக்கும் கட்டாயம். இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மின் விசா வசதி வந்துவிட்டது.

முன்பெல்லாம் ஜேஆர் ரயில் பாஸ் எடுக்காமல் யாரும் கிளம்பமாட்டார்கள். 2023 அக்டோபரில் 7 நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறியது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு நொசோமி அதிவேக ரயிலில் ஒருவழிக் கட்டணம் சுமார் 14,000 யென்தான். மேலே சொன்ன பாதைக்குத் தனித்தனி டிக்கெட்டே போதும். நகரத்துக்குள் பணம் ஏற்றிப் பயன்படுத்தும் சுய்க்கா அல்லது இகோக்கா அட்டை ஒன்று இருந்தால் மெட்ரோ, பஸ், கடை எல்லாவற்றுக்கும் சரியாகிவிடும்.

டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும்போது ‘ஈ’ வரிசை ஜன்னல் இருக்கை கேளுங்கள். வண்டி கிளம்பி 40, 45 நிமிடத்தில், ஷின்-ஃபூஜி நிலையத்தை ஒட்டி வலப்பக்கம் ஃபூஜி மலை தெரியும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, ஷட்டர் வேகத்தை 1/1000 வினாடி அல்லது அதைவிட வேகமாக வையுங்கள். முன்னால் மின்கம்பிகளும் தொழிற்சாலைப் புகைபோக்கிகளும் ஓடிக்கொண்டே இருக்கும். தொடர்ச்சியாக எடுத்துப் பிறகு பொறுக்கிக்கொள்ளலாம்.

பெரிய பெட்டியை ரயிலில் இழுத்துப் போக வேண்டியதில்லை. விடுதி வரவேற்பில் சொன்னால் ‘தக்யுபின்’ பார்சல் சேவையில் அடுத்த ஊர் விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். பொதுவாக மறுநாள் போய்ச் சேரும். தோளில் கேமராப் பை மட்டும் இருக்கும்போது, வழியில் ஏதாவது நல்ல இடம் கண்ணில் பட்டால் தயங்காமல் இறங்கிவிடலாம். ஜப்பான் தரும் வசதிகளிலேயே படம் எடுப்பவருக்கு மிகப் பெரியது இதுதான் என்பேன்.

படி 3: பையில் என்ன வைப்பது

ஒரு கேமரா, 24-70 அல்லது 24-105 மிமீ ஜூம் ஒன்று, இரவுக்கு 35 மிமீ எஃப் 1.8 போன்ற வெளிச்சமான லென்ஸ் ஒன்று. இவ்வளவுதான். 70-200 மிமீ லென்ஸ் நாராவின் மான்களுக்கும் ஃபூஜி மலைக்கும் உதவும். ஆனால் ஒரு நாளைக்கு 20 ஆயிரம் அடிகள் நடக்கும் ஊரில் மாலைக்குள் அது தோளை உடைத்துவிடும். நல்ல போன் மட்டும் இருந்தாலும் இந்த வழிகாட்டியில் உள்ள முக்கால்வாசி உங்களுக்கும் பொருந்தும்.

ட்ரைபாடை வீட்டிலேயே விட்டுவிடலாம். கியோமிசு-தேரா, கின்காகு-ஜி உட்படப் பெரும்பாலான கோயில்களிலும், உயரமான காட்சி மாடங்களிலும் அதற்குத் தடை. ஒற்றைக்கால் ஸ்டாண்டுக்கும் பல இடங்களில் அதே கதைதான். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, கேமராவின் ஆட்டத் தடுப்பை நம்பி எடுக்கப் பழகுங்கள்.

மின்சாரம் 100 வோல்ட். இரண்டு தட்டைக் கால் கொண்ட பிளக்தான் அங்கே பொருந்தும். நம் உருண்டைக் கால் பிளக்குக்கு அடாப்டர் வேண்டும். உதிரி பேட்டரிகளையும் பவர் பேங்கையும் விமானத்தில் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். ஒன்றை உடம்போடு ஒட்டிய உள் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் காலணி. கோயில் மண்டபங்களுக்குள் அதைக் கழற்ற வேண்டும், ஒரே நாளில் பலமுறை. நாடா கட்டாமல் சட்டென்று நுழையும் காலணியும், ஓட்டையில்லாத கெட்டிச் சாக்ஸும் அவசியம். ஜனவரியில் அந்த மரத்தரை பனிக்கட்டிபோல இருக்கும்.

படி 4: கேமராவைப் பைக்குள் வைக்கும் இடங்கள்

இதைப் படித்துவிட்டு, ‘இத்தனை தடையா’ என்று சலித்துக்கொள்ள வேண்டாம். இவை இன்றும் வழிபாடு நடக்கும் இடங்கள். நம் கோயில் கருவறைக்குள் யாரும் கேமராவைத் தூக்க நாம் விடுவோமா?

கியோட்டோவின் சாஞ்சுசாங்கென்-தோவில் சுமார் 120 மீட்டர் நீள மண்டபத்துக்குள் கருணையின் போதிசத்துவரான கன்னோனின் 1001 சிலைகள் இருக்கின்றன. உள்ளே படமெடுக்கத் தடை. அவற்றுக்கு முன்னால் நிற்கும் 28 காவல் தெய்வங்களில் இந்திரனும் நாராயணனும் கருடனும் ஜப்பானிய உருவில் இருக்கிறார்கள். படம் கிடைக்காது என்பதற்காக இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நம்மவர்கள் அரை நாள் நின்று பார்க்க வேண்டிய மண்டபம் அது. தோ-ஜியின் விரிவுரை மண்டபத்தில் உள்ள 21 சிலைகளுக்கும் இதே விதி.

டோக்கியோவின் மெய்ஜி ஜிங்குவில் வளாகத்தில் எடுக்கலாம், முதன்மைச் சன்னதியை நேராகப் பார்த்து எடுக்கக் கூடாது. கோயா-சானின் ஒகுனோ-இன் கல்லறைத் தோட்டத்தில் கோபியோ-பாஷி பாலத்தைத் தாண்டினால் கேமரா, போன், பேச்சு எல்லாம் நிற்க வேண்டும். கியோட்டோவின் தோஃபுகு-ஜி கோயிலில் இலைகள் சிவக்கும் உச்ச நாட்களில் பாலங்களின் மேல் நின்று எடுக்க அனுமதி இல்லை.

கியோட்டோவின் கியோன் பகுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாரம்பரிய நடன, இசைக் கலைஞர்களான கெய்ஷாக்களையும், பயிற்சி நிலையில் இருக்கும் மைகோக்களையும் பயணிகள் துரத்தித் துரத்திப் படமெடுத்து, உடையைப் பிடித்து இழுக்கும் அளவுக்குப் போனதால், அங்குள்ள தனியார் சந்துகளுக்குள் நுழைவதையே 2024இல் தடுத்துவிட்டார்கள். மீறினால் 10,000 யென் என்று பலகை இருக்கிறது. பொதுச்சாலையான ஹனாமிகோஜியில் நடக்கலாம், கட்டடங்களை எடுக்கலாம். வேலைக்கு விரைந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணின் வழியை மறித்து எடுத்த படத்தை எந்த ஆல்பத்திலும் வைக்கத் தகுதியில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஃபூஜி மலை அடிவாரத்தில் கவாகுச்சிகோ ஊரில் நடந்ததும் இதுவே. ஒரு கடைக்கு மேலே மலை எழும் காட்சிக்காகக் கூட்டம் சாலையை அடைத்ததால், 2024 மே மாதம் ஊர் நிர்வாகமே கறுப்புத் திரை கட்டி மறைத்தது. சில மாதங்களில் அகற்றினார்கள்.

தனி மனிதர்களைக் கிட்டத்தில் எடுக்கக் கேட்டுவிடுங்கள்: ‘ஷாஷின் தொத்தேமோ ஈ தெஸ் கா?’ படம் எடுக்கலாமா என்று பொருள். கையைக் குறுக்கே வைத்துக் காட்டினால் வேண்டாம் என்று அர்த்தம். தலையைத் தாழ்த்தி நகர்ந்துவிட வேண்டும்.

படி 5: கியோட்டோ, விடியலிலிருந்து

கியோட்டோவின் பெரும்பாலான கோயில்கள் காலை 8.30, 9 மணிக்குத்தான் திறக்கும். அதற்கு முன்பே திறந்திருக்கும் இடங்கள் சில உண்டு. உங்கள் விடியல்கள் அவற்றுக்கே.

ஃபுஷிமி இனாரி எந்நேரமும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. கியோட்டோ நிலையத்திலிருந்து நாரா வழித்தடத்தில் இரண்டாவது நிறுத்தமான இனாரியில் இறங்கினால் எதிரிலேயே வாயில். 233 மீட்டர் உயர மலை முழுவதும் ஆயிரக்கணக்கான தோரி வாயில்கள். எல்லோரும் கீழே உள்ள அடர்ந்த வரிசையிலேயே நின்றுவிடுவார்கள். நீங்கள் யோட்சுட்சுஜி சந்திப்பு வரை ஏறுங்கள். கூட்டம் குறையும், அங்கிருந்து நகரமும் தெரியும். ஏறும்போது தூண்கள் வெறும் சிவப்பாக இருக்கும். இறங்கும்போது பார்த்தால், காணிக்கை தந்தவர்களின் பெயரும் தேதியும் கறுப்பு எழுத்தில் ஒவ்வொரு தூணிலும் தெரியும். அதனால் போகும் வழியில் ஒரு படமும் வரும் வழியில் வேறொரு படமும் கிடைக்கும்.

அந்த ஆரஞ்சு கலந்த சிவப்பில் ஒரு சிக்கல் உண்டு. கேமரா அந்த நிறத்தைச் சரியாகத்தான் எடுத்திருப்பதுபோலத் திரையில் தெரியும். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் மரத்தின் இழைகள் எல்லாம் கரைந்து ஒரே வண்ணப் பூச்சாக இருக்கும். வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்புக் கோட்டைத் தனியாகப் பாருங்கள். அது வலது ஓரத்தில் முட்டினால் எக்ஸ்போஷரை 0.7 அளவுக்குக் குறையுங்கள். கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாக எடுத்தால் நிழலை அப்புறம் தூக்கிக்கொள்ளலாம். வெயில் இலைகளின் ஊடே புள்ளி புள்ளியாக விழும் நேரத்தைவிட, மேகமூட்டமும் தூறலும் உள்ள காலை இங்கே பல மடங்கு நல்லது. நனைந்த மரம் தன் நிறத்தை ஆழமாகக் காட்டும்.

கியோமிசு-தேரா காலை 6 மணிக்கே திறக்கும். 778இல் தோன்றிய கோயில், இப்போதுள்ள முதன்மை மண்டபம் 1633இல் கட்டியது. மலைச்சரிவில் 13 மீட்டர் உயரத்துக்கு மரத்தூண்கள் தாங்கும் மேடைதான் நாம் எல்லோரும் பார்த்த படம். அதை மேடையிலிருந்து எடுக்க முடியாது. கிழக்குப் பக்கம் இருக்கும் ஒகுனோ-இன் மண்டபத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து பார்த்தால் மேற்குத் திசை. காலையில் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும், மாலையில் நகரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கும். முடித்துவிட்டு சான்னென்சாக்கா படிகளில் இறங்கினால், கடைகள் திறக்கும் முன் 46 மீட்டர் யாசகா கோபுரம் வெறும் தெருவின் முடிவில் நிற்கும்.

அராஷியாமா மூங்கில் காட்டுக்கு ஒரு விடியல் போதும். பாதை சிறியது, கேமராவை நிமிர்த்தி செங்குத்தாக எடுப்பது மட்டுமே அங்கே வேலை.

நடுப்பகலில் தோட்டங்களுக்குப் போங்கள். ரியோவான்-ஜியின் கல் தோட்டத்தில் 15 கற்கள். எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றாவது மறையும். எல்லாவற்றையும் ஒரே பிரேமில் அடைக்க முயலாமல் இரண்டு மூன்று கற்களையும் எண்ணெய் ஊறிய மண் சுவரையும் மட்டும் எடுங்கள். வெள்ளைச் சரளையைப் பார்த்துக் கேமரா படத்தை இருட்டாக்கிவிடும். இனாரியில் குறைத்ததற்கு நேர்மாறாக இங்கே 0.7 கூட்ட வேண்டும்.

தங்கத் தகடு வேய்ந்த கின்காகு-ஜி மண்டபத்தைக் குளத்துக்குத் தெற்கிலிருந்து பார்ப்பதால் பகலில் பெரும்பாலும் வெளிச்சம் சாதகமாகவே இருக்கும். 1950இல் ஒரு இளம் துறவி தீவைத்ததில் பழைய மண்டபம் அழிந்தது, இப்போதுள்ளது 1955இல் எழுப்பியது. மதியத்துக்குப் பிறகு, காற்றில்லாத நாளில், தங்கம் குளத்திலும் முழுதாக விழும். பனி பெய்த காலை என்றால் மற்ற திட்டங்களை எல்லாம் விட்டுவிட்டு இங்கே ஓடுங்கள்.

கியோட்டோவுக்குத் தெற்கே உஜியில் உள்ள பியோதோ-இன்னின் பீனிக்ஸ் மண்டபம் 1053இல் கட்டியது, 10 யென் நாணயத்தில் இருப்பது. கிழக்கு நோக்கிய கட்டடம் என்பதால் காலையில் முதல் ஆளாகப் போங்கள்.

படி 6: நாரா, கோயா-சான், மியாஜிமா, கத்சுவோ-ஜி

நாரா கியோட்டோவிலிருந்து முக்கால் மணி நேரம். தோதாய்-ஜியின் பெரிய புத்தர் சுமார் 15 மீட்டர். 752இல் இந்தச் சிலைக்குக் கண் திறந்துவைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. மண்டபத்துக்குள் படமெடுக்கலாம். உள்ளே இருட்டு, ஒளியுணர் அளவான ஐஎஸ்ஓவை 3200 வரை தயங்காமல் கூட்டுங்கள். சிலையை மட்டும் எடுத்தால் அளவு புரியாது. கீழே நிற்கும் மனிதர்களில் ஒருவரையாவது பிரேமில் விடுங்கள். மான்களை எடுக்க, தரையோடு தரையாக உட்கார்ந்து அவற்றின் கண் மட்டத்துக்குக் கேமராவை இறக்க வேண்டும். மான் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு லென்ஸ் மாற்றாதீர்கள்! சாயங்காலம் அதே கோயிலின் நிகாட்சு-தோ மண்டபத்துக்கு ஏறுங்கள். மேற்கு நோக்கிய அந்த மாடத்தில் கட்டணமில்லை, கதவடைப்பில்லை. தோதாய்-ஜியின் கூரைக்கு அப்பால் நாரா நகரத்தின் மேல் சூரியன் இறங்குவதை அங்கிருந்து எடுக்கலாம்.

கோயா-சான் ஒசாகாவின் நம்பாவிலிருந்து ரயிலும் கேபிள் காருமாக இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். 9ஆம் நூற்றாண்டில் கூக்காய் என்ற துறவி தொடங்கிய மடாலய ஊர். கோயில் விடுதியில் ஓர் இரவு தங்குங்கள். சைவ உணவுக்காரர்களுக்கு ஜப்பானில் இது பெரிய நிம்மதி. மற்ற இடங்களில் சாதாரணச் சாறிலும் மீன் கலந்திருக்கும், இங்கே கோயில் சமையல் முழுக்கச் சைவம். ஒகுனோ-இன்னில் 2 கிலோமீட்டர் தேவதாருப் பாதையில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். பகல் பயணிகள் இறங்கிப் போன பிறகு, கல் விளக்குகள் எரியும் மாலையில் நடந்தால்தான் அந்த இடத்தின் அமைதி படத்துக்குள் வரும்.

ஹிரோஷிமாவுக்கு அருகே உள்ள மியாஜிமாவின் கடலில் நிற்கும் தோரி வாயிலுக்குக் கடிகாரத்தைவிட அலை ஏற்ற அட்டவணைதான் முக்கியம். நீர்மட்டம் 250 செமீக்கு மேல் இருந்தால் வாயில் மிதப்பதுபோலத் தெரியும். 100 செமீக்குக் கீழே போனால் அதன் அடிவரை நடந்தே போகலாம். தீவில் தங்கினால் இரண்டையும் எடுத்துவிடலாம்.

ஒசாகாவுக்கு வடக்கே மினோ மலையில் உள்ள கத்சுவோ-ஜியைப் பல தமிழர்கள் தவறவிடுகிறார்கள். அங்கே திரும்பிய பக்கமெல்லாம் சிவப்பு தாருமா பொம்மைகள்: சுவர் மேலே, கல்லிடுக்கில், மரப்பொந்தில். தாருமா என்பவர் நம் போதிதர்மர்தான், காஞ்சிபுரத்து இளவரசர் என்று மரபு சொல்லும் அதே துறவி. எஃப் 2 அளவில் திறந்து ஒரு பொம்மையின் முகத்தில் மட்டும் ஃபோகஸ் வைத்து, மற்றவற்றைக் கரைய விடுங்கள்.

படி 7: டோக்கியோவின் இரவு

அசாகுசாவின் சென்சோ-ஜி வளாகம் இரவிலும் திறந்திருக்கும், விளக்குகள் 11 மணி வரை எரியும். நகாமிசே தெருவின் கடைகள் மூடியதும் இரும்புக் கதவுகளில் வரைந்த பழைய அசாகுசா காட்சிகள் தெரியவரும். பகலில் வருபவர்கள் பார்க்கவே முடியாத ஓவியங்கள் அவை. காமினாரிமோன் வாயிலுக்கு எதிரே, கென்கோ குமா வடிவமைத்த சுற்றுலாத் தகவல் மையத்தின் 8ஆவது மாடியில் இலவசக் காட்சி மாடம் இருக்கிறது. தெருவும் கோயிலும் ஒரே நேர்கோட்டில் விழும்.

உயரத்துக்கு, ஷிஞ்சுகுவில் உள்ள டோக்கியோ பெருநகர அரசுக் கட்டடத்தின் 202 மீட்டர் மாடம் இலவசம். கண்ணாடியில் அறை விளக்கு பிரதிபலிக்கும். கறுப்புச் சட்டையோ ஜாக்கெட்டோ லென்ஸைச் சுற்றிப் போர்த்தினால் போதும். ஷிபுயா ஸ்கை 229 மீட்டர் உயரத்தில் திறந்த வெளி. பைகளை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள், கேமராவுக்குக் கழுத்துப் பட்டை வேண்டும். சூரியன் மறையும் நேர டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஷிபுயா சந்திப்பை, நிலையத்துக்குள் தாரோ ஒகமோட்டோவின் பெரிய சுவரோவியம் இருக்கும் நடைபாதை ஜன்னலிலிருந்து எடுக்கலாம். கம்பியில் கேமராவை அழுத்தி 1/4 வினாடி வைத்தால், நிற்பவர் தெளிவாகவும் நடப்பவர் கோடாகவும் வருவார்கள். மழை பெய்தால் இன்னும் சிறப்பு: எல்லோர் கையிலும் ஒளி ஊடுருவும் வெள்ளைக் குடை இருக்கும்.

வீடியோ எடுப்பவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். டோக்கியோ உள்ளிட்ட கிழக்கு ஜப்பானில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கியோட்டோ, ஒசாகா உள்ளிட்ட மேற்கில் 60 ஹெர்ட்ஸ். டோக்கியோவில் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்துப் பழகிவிட்டு அதையே ஒசாகாவின் டோத்தோன்போரியில் தொடர்ந்தால் விளக்குப் பலகைகள் மினுங்கி, படத்தில் பட்டை ஓடும். மேற்கே போனதும் 1/60 அல்லது 1/120க்கு மாற்றுங்கள்.

படி 8: தினமும் இரவில், கடைசி நாளில்

ஒவ்வொரு இரவும் படுக்கும் முன் அன்றைய கோப்புகளைச் சிறு எஸ்எஸ்டி சேமிப்பகத்தில் நகலெடுங்கள், மெமரி கார்டை ஊர் திரும்பும்வரை அழிக்காதீர்கள். எஸ்எஸ்டி ஒரு பையிலும் கார்டுகள் இன்னொரு பையிலும் இருக்கட்டும். கூடவே எந்தக் கோயில், எந்த மண்டபம் என்று நான்கு வரி எழுதி வையுங்கள். பத்து நாள் கழித்து எல்லாக் கூரையும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பயன்படுத்திய கேமரா, லென்ஸ் வாங்க ஜப்பான் நல்ல இடம். ஷிஞ்சுகுவின் மேப் கேமராவும் கிதாமுராவும் ஒவ்வொரு பொருளுக்கும் தரம் பிரித்து எழுதி வைத்திருப்பார்கள், அந்த மதிப்பீட்டை நம்பலாம். பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். லென்ஸைத் தயங்காமல் வாங்கலாம். கேமரா வாங்குவதானால் பணம் கட்டும் முன் மெனுவைத் திறந்து மொழியைப் பாருங்கள்: சோனியின் உள்நாட்டு மாடல்கள் பலவற்றில் ஜப்பானிய மொழி மட்டும்தான் இருக்கும்.